கரண்ட் போனால் அப்பாவின் இதயம் நின்றுவிடுமா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு 56 வயது. ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார். எட்டு மாதத்தில் இரண்டு முறை மூச்சுத்திணறல், கால்வீக்கம் என்று கோவையில் சேர்த்தோம். பம்பிங் 20 சதவீதம்தானாம். ரத்தக்குழாயில் அடைப்பு எதுவும் இல்லை, இதயத் தசையே பலவீனமாகிவிட்டது என்கிறார்கள். இனி இதயமாற்று, இல்லாவிட்டால் பம்ப் கருவி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்திரேலியாவில் ஒருவர் டைட்டானியம் இதயத்தோடு நூறு நாள் வாழ்ந்ததாக வீடியோ பார்த்தேன். அதை அப்பாவுக்கு வைக்க முடியுமா? மழைக்காலத்தில் எங்கள் ஊரில் இரண்டு நாள்கூட கரண்ட் வராது. அப்போது இதயம் நின்றுவிடாதா? தோட்டத்தை விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. அப்பாவோ, "நாடியே இல்லாமல் இருக்கிறவன் மனுஷனா?" என்று கேட்டுவிட்டு இலை பறிக்கப் போய்விடுகிறார். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு மகள், கோத்தகிரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரைப் பட்டியலையும் இரண்டு முறை படித்தேன். முதலில் தம்பியிடம் சொல்லுங்கள், தோட்டத்தை விற்கிற பேச்சு இப்போது வேண்டாம். அந்த முடிவை எடுக்கும் இடத்துக்கு நீங்கள் இன்னும் வரவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நீங்கள் கேட்டது கருவியைப் பற்றி, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் பார்த்த வீடியோ பொய்யில்லை. அந்தக் கருவியின் பெயர் பைவகோர். டேனியல் டிம்ஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளர் உருவாக்கியது. அவருடைய அப்பா ஒரு பிளம்பர். அவருக்கும் இதயச் செயலிழப்புதான். அப்பாவும் மகனுமாக ஹார்டுவேர் கடையில் கிடைத்த குழாய்களை வைத்து ஆரம்ப மாதிரிகளைச் செய்து, தண்ணீர் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். கருவி மனித உடலுக்குள் போகும் அளவுக்கு வளர்வதற்குள் அந்த அப்பா காலமாகிவிட்டார். 2024 ஜூலையில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் அதை முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். எட்டு நாளில் அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சிட்னியில் பொருத்திக்கொண்டவர்தான் உங்கள் வீடியோவில் வந்தவர். நூறு நாளுக்கு மேல் அதோடு வாழ்ந்து, 2025 மார்ச்சில் மாற்று இதயம் பெற்றார். இரண்டு பேருக்குமே அது ஒரு பாலம்தான். மாற்று இதயம் வரும்வரை உயிரைத் தாங்கிப் பிடித்திருந்தது. கருவி இன்னும் பரிசோதனை நிலையில் இருக்கிறது. அப்பாவுக்கு இன்று வைக்கக்கூடியது அல்ல.

நிலவுக்கே ராக்கெட் விடுகிறோம், ஒரு பம்ப் செய்ய ஏன் இத்தனை காலம் என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதயத்தின் எடை 300 கிராம் அளவு. அது செய்கிற வேலையைக் கணக்குப் போட்டால் ஒன்று, ஒன்றரை வாட்டுக்கு மேல் வராது. சின்ன எல்.இ.டி. இரவு விளக்கு எரிக்கிற மின்சாரம் அவ்வளவுதான். அதைக் கொண்டு ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை துடித்து, 7,000 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. ஒரு சின்னத் தண்ணீர் லாரியே நிரம்பிவிடும். இந்தச் சக்தியை உண்டாக்குவது பொறியாளருக்குப் பெரிய வேலை இல்லை. கஷ்டம் முழுக்க வேறு இடத்தில் இருக்கிறது.

ரத்தம் தண்ணீர் மாதிரி அல்ல. வேகமாகச் சுழலும் பம்புக்குள் நசுங்கினால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். சரி, மெதுவாக ஓட்டலாம் என்றால், எங்காவது ஒரு மூலையில் தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகும்; அது மூளைக்குப் போனால் பக்கவாதம். 1982 டிசம்பரில் அமெரிக்காவின் யூட்டாவில் பார்னி கிளார்க் என்ற பல் மருத்துவருக்கு ஜார்விக்-7 என்ற செயற்கை இதயத்தை வைத்தார்கள். அதை இயக்கும் காற்றழுத்த இயந்திரம் உடலுக்கு வெளியே, 180 கிலோ எடையில், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. வலிப்பு, ரத்தக்கசிவு என்று துன்பப்பட்டு 112 நாள் வாழ்ந்தார். அப்புறம் தேய்மானம். ரத்தத்தைத் தள்ள வருடத்துக்கு மூன்றரைக் கோடி முறைக்கு மேல் மடங்கி விரிகிற சவ்வு எதுவானாலும் ஒரு நாள் கிழியும். ஒரு முழு இதயத்தை விடுங்கள், ஒரே ஒரு வால்வு செய்ய நாம் பட்ட பாட்டைப் பாருங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் செய்த வால்வில் முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. நான்காவது மாதிரிதான் 1990 டிசம்பரில் முதல் நோயாளியின் நெஞ்சுக்குள் போனது. இன்றுவரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த வால்வைப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்த மூன்று தோல்விகளை நினைக்கும்போதெல்லாம் அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

என்னை எப்போதும் வியக்க வைப்பது இன்னொன்று. வலது பக்க இதயம் நுரையீரலுக்கு அனுப்புகிறது, இடது பக்கம் உடம்புக்கு அனுப்புகிறது. இரண்டும் ஒரே அளவு அனுப்பியாக வேண்டும். வலது பக்கம் ஒரு துடிப்புக்கு ஒரே ஒரு டீஸ்பூன், 5 மில்லி, கூடுதலாக அனுப்பினால் என்ன ஆகும்? நிமிடத்துக்கு 70 துடிப்பு. 350 மில்லி நுரையீரலில் மிச்சப்படும். மூன்று நிமிடத்தில் ஒரு லிட்டர் சேர்ந்து, மனிதர் தன் ரத்தத்திலேயே மூழ்குவார். நம் இதயத்தில் அப்படி ஆவதில்லை. கூடுதலாக ரத்தம் வந்தால் தசை கூடுதலாக விரியும். விரிந்த அளவுக்குப் பலமாகச் சுருங்கி அனுப்பிவிடும். மூளையைக்கூடக் கேட்பதில்லை. உங்கள் அப்பா நன்றாக இருந்த காலத்தில் இலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியபோது, நிமிடத்துக்கு 5 லிட்டர் என்பது 15 லிட்டர்வரைகூடப் போயிருக்கும். யாரும் எந்த பட்டனையும் திருப்பவில்லை. பைவகோரில் காந்தத்தால் அந்தரத்தில் நிற்கிற ஒரே சுழலி, இரண்டு பக்கமும் இறக்கை வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மயிரிழை நகர்ந்து இரு பக்க ஓட்டத்தையும் சமன் செய்யப் பார்க்கிறது. எங்கும் உரசாததால் தேய்மானமும் இல்லை. அதனால்தான் அதன் மேல் இத்தனை நம்பிக்கை.

இனி உங்கள் டாக்டர் சொன்ன பம்ப். அது செயற்கை இதயம் அல்ல. அப்பாவின் இதயம் அப்படியே இருக்கும். இடது கீழறையின் நுனியில் ஒரு சிறு பம்பைப் பொருத்தி, அங்கிருந்து ஒரு குழாய் வழியாக ரத்தத்தை மகாதமனிக்கு, அதாவது உடம்புக்கு ரத்தம் போகும் பெரிய குழாய்க்கு, கொண்டுபோவார்கள். களைத்துப்போன இதயத்துக்குத் தோள் கொடுப்பது போல. ஹார்ட்மேட் 3 என்பது இப்போது அதிகம் பயன்படுவது. உள்ளங்கையில் அடங்கும், 200 கிராம். இதிலும் சுழலி காந்தத்தில் மிதந்தபடி நிமிடத்துக்கு 5,000, 6,000 முறை சுற்றும். பம்பிலிருந்து ஒரு வயர் வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வந்து, இடுப்பில் கட்டிய கன்ட்ரோலருக்குப் போகும். அதற்கு இரண்டு பேட்டரி. பெரிய ஆய்வு ஒன்றில் இந்தப் பம்ப் வைத்தவர்களில் 58 சதவீதத்தினர் ஐந்து ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் எல்லோருமே இதயம் கடைசிக் கட்டத்துக்கு வந்தவர்கள் என்பதை மனத்தில் வைத்து இந்த எண்ணைப் பாருங்கள்.

கரண்ட் போனால்? உடனே எதுவும் ஆகாது. முழுதாக சார்ஜ் ஆன ஒரு ஜோடி பேட்டரி 17 மணி நேரம்வரை ஓடும் என்கிறது தயாரித்த நிறுவனம். நான் வீட்டுக்காரர்களிடம் 10 மணி நேரம் என்றே கணக்கு வைக்கச் சொல்வேன். அப்படியானால் இரண்டு நாள் இருட்டுக்கு ஐந்து ஜோடி வேண்டும். ஒரு நல்ல இன்வெர்ட்டரும் இருந்தால் சார்ஜருக்குத் தட்டுப்பாடு வராது; பம்ப் எடுத்துக்கொள்வது 4, 5 வாட்தான். இரண்டு பேட்டரி வயரையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது. ஒன்றை மாற்றி, பச்சை விளக்கு வந்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். தப்பித்தவறிக் கழன்றாலும் கன்ட்ரோலருக்குள் 15 நிமிடத்துக்கு ஒரு அவசர பேட்டரி உண்டு. ஆனால் பம்ப் உண்மையிலேயே நின்றுவிட்டால் ஆபத்துதான். அந்தக் குழாயில் வால்வு கிடையாது. மகாதமனியில் இருக்கும் ரத்தம் அதே வழியாக இதயத்துக்குள் திரும்பி வரும்.

குன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முன்பு லாரி ஓட்டியவர், பம்ப் வைத்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. கட்டிலுக்கு அருகே ஸ்டூல் மேல் பேட்டரிகள் ஜோடி ஜோடியாக, ஒவ்வொன்றிலும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி எண் போட்டிருந்தது. எந்த ஜோடி எப்போது சார்ஜ் ஏறியது என்று தினசரி காலண்டர் தாளில் அவர் மனைவி பேனாவால் குறித்து வைத்திருந்தார். குளிரில் பேட்டரி மந்தமாகும் என்பதால் ஸ்டூலை ஜன்னல் பக்கம் வைக்கவில்லை. கம்பளிப் போர்வை உரசி நிலைமின்சாரப் பொறி வரக்கூடும் என்று பருத்தி விரிப்புக்கு மாறியிருந்தார்கள். நான் இருக்கும்போதே அந்த மனைவி கையை சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி, முகக்கவசம் கட்டி, கையுறை மாட்டி, வயிற்றில் வயர் வெளிவரும் இடத்துக்குக் கட்டு மாற்றினார். இருபது நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் துளையில் சீழ் பிடித்தால் அது பம்ப்வரைக்கும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் கரண்டை நினைத்து யாரும் பயப்படவில்லை. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை, இந்தக் கட்டு, மழையில் சாலை அடைபட்டால் எப்படி இறங்குவது, இவைதான் அவர்கள் கவலை. ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு மாதமும் அவர்கள் காரமடையில் உறவினர் வீட்டுக்கு இறங்கிவிடுகிறார்கள். உங்களுக்கும் கீழே அப்படி ஒரு வீடு வேண்டும். அதை இப்போதே யோசித்து வையுங்கள்.

அந்த லாரிக்காரர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் லப்-டப் கேட்காது. தூரத்தில் தேயிலை ஃபேக்டரி மோட்டார் ஓடுவது போல ஒரே சீராக ரீங்காரம் கேட்கும். மணிக்கட்டைப் பிடித்தால் பெரும்பாலும் நாடி தட்டுப்படாது. சாதாரண பி.பி. மிஷின் எண் காட்டாது, விரலில் மாட்டும் கருவியையும் நம்ப முடியாது. ஆகவே 108 ஊழியர்களும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். நாடி இல்லை என்றதும் பதறிவிடுவார்கள்.

இனி அப்பாவின் கேள்வி. சிரித்துவிட்டுக் கடந்து போகிற கேள்வி அல்ல அது. நெஞ்சு, மனசு, உள்ளம் என்று நம் மொழியில் எல்லாமே அந்த இடத்தைத்தான் தொட்டுக் காட்டுகின்றன. பார்னி கிளார்க்குக்கு அறுவை சிகிச்சை நடக்கும் முன் அவர் மனைவி டாக்டர்களிடம் இதையேதான் கேட்டார்: இதயத்தை எடுத்துவிட்டால் அவரால் என்னை நேசிக்க முடியுமா? இதயம் அகற்றப்பட்டு, பிளாஸ்டிக் பம்போடு கண் விழித்த அந்த மனிதர் மனைவியிடம் தன் அன்பைச் சொன்னார். குன்னூர் லாரிக்காரரிடம் நானே கேட்டேன், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று. "படி ஏற முடியுது டாக்டர். பேரன் மேலதான் கோபம் ஜாஸ்தியா வருது, அது முன்னாலயே அப்படித்தான்" என்றார். அப்பாவை ஒரு நாள் அப்படி ஒருவரோடு பேச வையுங்கள். நான் நூறு வார்த்தை சொல்வதைவிட அது மேல். எல்லாம் கேட்ட பிறகும் வேண்டாம் என்று அவர் சொன்னால், அந்த முடிவை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் கேட்காமலே வேண்டாம் என்று சொல்ல விடாதீர்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் உறுத்தியது கருவியே இல்லை, மாத்திரைப் பட்டியல். பலவீனமான இதயத்துக்கு இன்று நான்கு வகை மருந்துகள் சேர்ந்து போக வேண்டும்: சாக்யூபிட்ரில்-வால்சார்டன், ஒரு பீட்டா பிளாக்கர், ஸ்பைரனோலாக்டோன் வகை, டாபாகிளிஃப்ளோசின் வகை. கடைசியில் சொன்னது சர்க்கரைக்கு வந்த மருந்து, ஆனால் சர்க்கரை இல்லாதவர் இதயத்துக்கும் உதவுகிறது. உங்கள் பட்டியலில் இந்த நான்கில் இரண்டுதான் இருக்கின்றன, அவையும் தொடக்க அளவில். நீர் போகும் மாத்திரை தனி; அது வீக்கத்தைக் குறைக்கும், இதயத்தைத் தேற்றாது. மற்ற இரண்டும் ஏன் இல்லை என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். காரணம் இருக்கலாம்: பி.பி. குறைவாக இருக்கலாம், பொட்டாசியம் ஏறியிருக்கலாம், சிறுநீரகம் இடம் கொடுக்காமல் இருக்கலாம். காரணம் இல்லையென்றால் ஆரம்பித்து, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல அளவைக் கூட்டி, மூன்று மாதம் கழித்து மறுபடி எக்கோ எடுக்க வேண்டும். 20 இருந்த பம்பிங் 35, 40 ஆனவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் ஆகாது. நீங்களாக மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். "வேலை முடிந்து வந்தால் கொஞ்சம் குடிப்பார்" என்று வாசிக்க முடிகிறது. அடிக்க வேண்டிய வரி இல்லை அது, அம்மா. அடைப்பு இல்லாமல் தசை மட்டும் பலவீனமாவதற்கு வருடக்கணக்கான குடியும் ஒரு காரணம். மற்ற பல காரணங்களோடு ஒப்பிட்டால் நல்ல செய்தி இதில் அதிகம். முழுக்க நிறுத்தினால் பல பேருக்குத் தசை தேறி வருகிறது. குறைப்பது போதாது, நிறுத்த வேண்டும். எத்தனை வருடம், எவ்வளவு என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு நடுங்கும், வலிப்பும் வரலாம். அதற்கும் மருந்து உண்டு. இது அவமானப்பட வேண்டிய விஷயமில்லை. இதயமாற்றுக் குழு இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்கும், இன்னும் குடிக்கிறார் என்றால் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. இலையை எப்படித் தினமும் எடை போட்டு சீட்டு வாங்குகிறீர்களோ, அப்படி அப்பாவையும் காலையில், சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். கால் வீங்கும்வரை காத்திருந்ததால்தான் இரண்டு முறையும் அட்மிஷன். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தை நிறுத்துங்கள். வர்க்கியிலும் உப்பு உண்டு, பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இத்தனையும் சொன்னதால், மாத்திரையிலேயே மூன்று நான்கு மாதம் பார்ப்போம், பிறகு மற்றதை யோசிப்போம் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். இதயமாற்று செய்யும் மையத்தில் அப்பாவைக் காட்டி மதிப்பீடு இந்த மாதமே தொடங்குங்கள். போன வருடம் மலையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மெஷினும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம் என்று எட்டு மாதம் தள்ளிப் போட்டிருந்தார்கள். மனம் மாறி வந்தபோது சிறுநீரகம் கெட்டு, நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி, உடம்பு எலும்பும் தோலுமாக இருந்தது. பம்பையும் தாங்க மாட்டார், மாற்று இதயத்தையும் தாங்க மாட்டார். அந்த மகனிடம் அதைச் சொன்ன நிமிடத்தை நான் மறக்கவில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு உங்கள் அப்பாவுக்கு இன்னும் நன்றாக இருக்கிறது. உங்களிடம் இருக்கிற பெரிய சொத்து அதுதான்.

மாற்று இதயம் கிடைத்தால் அது பம்பைவிட மேல் என்றே சொல்வேன். வயர் இல்லை, பேட்டரி இல்லை, பாதிக்கு மேற்பட்டவர்கள் பத்து ஆண்டைத் தாண்டுகிறார்கள். நரம்புத் தொடர்பு அறுந்துபோவதால் சும்மா இருக்கும்போதே 90, 100 துடிக்கும், மேடேறினால் சற்றுத் தாமதமாகத்தான் வேகம் பிடிக்கும். எதிர்ப்பைத் தடுக்கும் மாத்திரை ஆயுள் முழுக்க உண்டு. எடுத்த இதயம் சுமார் நான்கு மணி நேரம்தான் தாங்கும். 2008-ல் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் இதயத்தைச் சென்னைச் சாலையில் 11 நிமிடத்தில் கொண்டுபோனது நினைவிருக்கும். எனவே அழைப்பு வந்தால் உடனே போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். கோவையில் பதிந்தால் கோத்தகிரியிலிருந்து இறங்கிவிடலாம், சென்னை என்றால் அங்கேயே தங்க வேண்டியிருக்கும்.

பணம். பம்பின் விலை பல பத்து லட்சம், எல்லாச் செலவும் சேர்ந்தால் கோடியைத் தொடலாம். ஒன்றரை ஏக்கரை விற்றாலும் அதற்குப் போதுமா என்பது ஒருபுறம். விற்றபின் மாதாமாதம் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் எங்கே போவீர்கள்? இதயமாற்று வேறு கதை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்றுக்கு இடம் இருக்கிறது, அரசு மருத்துவமனையிலும் செய்கிறார்கள், பட்டியல் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் கையில். காப்பீட்டு அட்டை உங்களிடம் இல்லையென்றால் முதல் வேலை அதை எடுப்பது. தம்பியை அதற்கு அனுப்புங்கள். தோட்டத்தை விற்க ஆள் தேடும் நேரத்தில் அது முடிந்துவிடும்.

என்னைப் பார்க்க வரும்போது இரண்டு எக்கோ ரிப்போர்ட்டும், ஆஞ்சியோ சி.டி.யும், மாத்திரை அட்டைகளும் எடுத்து வாருங்கள். காலி அட்டைகளையும்தான். அப்பாவையும் கூட்டி வாருங்கள். நாடியைப் பற்றிய கேள்வியை அவரே கேட்கட்டும்.